கல்யாணம் ஆகாத பெண் ஞாயிறு ஆராதனைக்கு எப்படி உடுத்திப் போவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: வயது 36, கல்யாணம் ஆகவில்லை, வேலைக்காகச் சென்னைக்கு வந்து ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் சேர்ந்திருக்கிறீர்கள். தனியாகப் போய்த் தனியாக வருகிறீர்கள். கொஞ்சம் நன்றாக உடுத்திப் போனால் "என்ன விசேஷம், மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கிறார்களா?" என்கிறார்கள்; சாதாரணமாகப் போனால் "இப்படி வந்தால் யார் கேட்டு வருவார்கள்?" என்கிறார்கள். சேலையா சுடிதாரா, முகத்துக்கும் முடிக்கும் எவ்வளவு செய்துகொள்வது, அம்மா வைத்துவிட்டுப் போன பட்டுச் சேலைகளைக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேலையும் சுடிதாரும் மேலே தெரிகிற கேள்வி. எல்லாரும் குடும்பமாக வருகிற இடத்தில் தனியாக வருகிறவள் தன்னை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் உள்ளே இருக்கிற கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் நாகர்கோவில் பக்கத்தில் தையற்கடை நடத்துகிறவள். கடைக்கு வரும் துணியில் பாதிக்கு மேல் சர்ச்சுக்குப் போகிற துணி. பாடகர் குழுப் பெண்கள் ஒரே நிறத்தில் எடுக்கும் சேலைக்கு ப்ளவுஸ், ஞானஸ்நானக் குழந்தைக்கு வெள்ளைக் கவுன், திடப்படுத்தலுக்குப் போகும் பிள்ளைகளின் வெள்ளை உடுப்பு, கல்யாண ப்ளவுஸ், டிசம்பர் வந்தால் அப்பா அம்மா பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே துணியில் உடுப்பு. துணி, அளவு, தையல் இந்த மூன்றில் நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். வேதம் படித்துக்கொடுக்கும் தகுதி எனக்கு இல்லை, தோல் வைத்தியமும் தெரியாது. அந்த இடங்களில் நான் சொல்வதை உங்கள் ஆயரிடமோ டாக்டரிடமோ ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த உள் விஷயம். நம் தென்மாவட்டச் சபைகளில் உடுப்புக்கு யாரும் எழுதி வைக்காத ஒரு வரிசை உண்டு. சின்னப் பிள்ளைக்குக் கவுன், பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பாவாடை சட்டை, காலேஜ் பெண்ணுக்குச் சுடிதார், கல்யாணம் ஆனவளுக்குச் சேலை, வயதான அம்மாவுக்கு வெளிர் நிறச் சேலை. இதில் கல்யாணம் ஆகாத 36 வயதுக்காரிக்கு இடமே இல்லை. என்னிடம் தைக்க வரும் உங்கள் வயதுப் பெண்களில் இரண்டு விதம் பார்க்கிறேன். சிலர் காலேஜ் நாளில் தைத்த அதே பஃப் கை, அதே பொடிப்பூத் துணி என்று இன்றைக்கும் கேட்பார்கள். வேறு சிலர் நாற்பதைத் தொடும் முன்பே சாம்பல் நிறமும் பழுப்புமாக எடுத்து, கழுத்தை ஏற்றி, கையை இறக்கி, யார் கண்ணிலும் படாமல் போய்வருவதற்கென்றே தைக்கச் சொல்வார்கள். "உங்களுக்கு என்ன நிறம் பிடிக்கும்?" என்று கேட்டால் இரு சாராருமே சற்று யோசிக்கிறார்கள். அந்த யோசனையைப் பார்க்கும்போது எனக்கு மனது கஷ்டமாக இருக்கும்.

என் பதில் இதுதான். உங்கள் வயதில், உங்கள் வேலையில் இருக்கும் ஒரு பெண் மதிப்பான இடத்துக்குப் போகும்போது எப்படிப் போவாளோ அப்படிப் போங்கள். ஆபீஸில் முக்கியமான கூட்டத்துக்கு உடுத்துவதைவிட ஒரு படி மேலே, கல்யாண வீட்டுக்கு உடுத்துவதைவிட ஒரு படி கீழே. கல்யாணம் ஆனதா இல்லையா என்பது அந்தக் கணக்கில் வரவே வேண்டாம். சேலை கட்டப் பிடித்தால் கட்டுங்கள், அது கல்யாணத்துக்குக் கிடைக்கிற பரிசு இல்லை. சுடிதார் வசதி என்றால் சுடிதார்; ஆனால் இருபது வயது அளவிலும் இருபது வயது வெட்டிலும் இல்லாமல், இப்போதைய உடம்புக்கு அளவெடுத்துத் தைத்ததாக இருக்கட்டும்.

விலையைவிடவும் துணியைவிடவும் அளவுதான் முக்கியம். மலிவான காட்டன் சரியாகத் தைத்திருந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். விலை கூடின பட்டு, ப்ளவுஸ் தோளில் நழுவினால் பார்க்கவே சங்கடமாக இருக்கும். சர்ச்சில் மற்ற இடங்களில் செய்யாத சில காரியங்களை உடம்பு செய்கிறது. எழுந்து நிற்கிறோம், உட்காருகிறோம், பாட்டு வேளையில் கை உயர்த்துகிறோம், திருவிருந்துக்கு, அதாவது அப்பமும் திராட்சரசமும் வாங்க, ஆல்டர் முன்னால் முழங்கால் போடுகிறோம். அப்படி முழங்காலிட்டுக் குனியும்போது பின்னால் இருக்கிற சபை முழுவதும் நம் முதுகைத்தான் பார்க்கிறது. கண்ணாடி முன்னால் நேராக நின்று பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. அதனால் புது உடுப்பு வாங்கினாலும் தைத்தாலும் வீட்டில் ஒருமுறை முழங்காலிட்டு, குனிந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். ப்ளவுஸ் இடுப்பிலிருந்து மேலேறினால் கைக்குழி (கையை வைத்துத் தைக்கும் வளைவு) இறக்கமாக வெட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். நீளத்தைக் கூட்டுவதால் அது சரியாகாது, கைக்குழியை அக்குளுக்கு நெருக்கமாக வைத்து வெட்ட வேண்டும். கைக்குழி உடம்போடு ஒட்டி இருந்தால்தான் கை தாராளமாக ஓடும். தொளதொளவென்று வைத்தால் கையோடு ப்ளவுஸ் முழுவதும் ஏறி வரும். தையற்காரரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள், புரிந்துகொள்வார்.

பின் கழுத்து இறக்கத்துக்கு இத்தனை அங்குலம் என்று நான் சட்டம் சொல்ல மாட்டேன். சபைக்குச் சபை, ஊருக்கு ஊர் அது மாறுகிறது. தோள் நழுவாமல் நிற்பதுதான் எனக்கு முக்கியம். முன் கழுத்தும் பின் கழுத்தும் இரண்டுமே அகலமாகவும் இறக்கமாகவும் இருந்தால் தோள்பட்டை நிற்காது. ஒன்றை இறக்கினால் மற்றதை ஏற்ற வேண்டும். உள்ளே ஓரங்களில் பிரித்துவிடத் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். உடம்பு வருடத்துக்கு வருடம் மாறும். பிரித்துவிடத் துணி இருந்தால் அதே ப்ளவுஸ் ஐந்தாறு வருடம் ஓடும். லைனிங் துணியையும் சேலை ஃபால்ஸையும் தைக்கும் முன் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தார்களா என்று கேளுங்கள். அதைச் செய்யாவிட்டால் முதல் துவைப்பில் உள்துணி சுருங்கி மேல்துணி சுருக்கம் விழும், எத்தனை இஸ்திரி போட்டாலும் போகாது.

சென்னை வெக்கையில் துணி எதுவென்பது அடுத்த கேள்வி. காலை ஆராதனைக்கே கழுத்து நனைந்துவிடும் ஊர் அது. பாலியஸ்டர் ஜார்ஜெட் கசங்காது என்று எல்லாரும் எடுக்கிறார்கள், ஆனால் அது வியர்வையை உறிஞ்சாது, நாற்றத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். துவைத்த பிறகும் அக்குள் பக்கம் வாடை நிற்பது பெரும்பாலும் இந்தத் துணியில்தான். செட்டிநாட்டுக் காட்டன், நெகமம், மதுரைச் சுங்குடி இவையெல்லாம் நல்லவை. கஞ்சி போட்டால் மடிப்பு நிற்கும், ஆனால் ரொம்பவும் விறைப்பாகப் போட்டால் உட்கார்ந்து எழும்போது முன்கொசுவம் விரிந்து நிற்கும், இருக்கும் பருமனைவிடக் கூடுதலாகக் காட்டும். மெல்லிய கஞ்சி போதும். வெளிர் நீலமும் வெளிர் சாம்பலும் வியர்வைத் திட்டைக் காட்டிக்கொடுக்கும் நிறங்கள். வெள்ளையும் ஆழ்ந்த நிறங்களும் பொடி டிசைன்களும் மறைக்கும். மாநிறத்துக்கு இது, கறுப்புக்கு அது என்று நிறம் பிரித்துச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கறுத்த பெண்கள் அரக்குச் சிவப்பிலும் மஞ்சளிலும் எவ்வளவு நன்றாக இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன், அவர்களுடைய அம்மாக்கள்தான் வெளிர் ரோஸை எடுத்து நீட்டுகிறார்கள். துணியைக் கழுத்தோரம் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், கடையின் டியூப் லைட்டில் பார்க்காதீர்கள்.

தலைக்கு முக்காடு போடும் சபை என்றால் துப்பட்டாவும் முந்தானையும் காட்டனாக இருக்கட்டும். வழுக்குகிற துணி ஜெபம் முழுவதும் கையை அங்கேயே இழுக்கும், மனது ஜெபத்தில் நிற்காது. உடுத்தி முடித்தபிறகு அதைப் பற்றி மறந்துவிட முடிகிற உடுப்புதான் ஆராதனைக்கு ஏற்ற உடுப்பு என்று நான் நினைக்கிறேன். இழுத்துவிட, பின் குத்த, மூடிக்கொள்ள என்று இரண்டு மணி நேரமும் வேலை வாங்குகிற உடுப்பு எவ்வளவு அடக்கமானதாக இருந்தாலும் எனக்கு அது சரியான உடுப்பு இல்லை.

இனி உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்வது. இதில் பெரும்பகுதி உங்களுக்குத் தெரிந்ததே, அதனால் சர்ச்சோடு சம்பந்தப்பட்ட சிலதை மட்டும் சொல்கிறேன். வியர்வைக்குப் பூசும் மருந்தில் இரண்டு வகை உண்டு. வாடையை மட்டும் மறைப்பது ஒன்று, அலுமினிய உப்பு கலந்து வியர்வையையே குறைப்பது இன்னொன்று. இரண்டாவது வகையைச் சனிக்கிழமை ராத்திரி உலர்ந்த தோலில் பூசிப் படுத்தால்தான் நன்றாக வேலை செய்யும், காலையில் அவசரத்தில் ஈரத்தோடு பூசினால் பலன் குறைவு. எரிச்சல் வந்தால் விட்டுவிட்டுத் தோல் டாக்டரைப் பாருங்கள். சென்ட் மிகக் குறைவாகப் போதும். நெருக்கிப் போட்ட பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவருக்கு ஆஸ்துமா இருக்கலாம், அவர் எழுந்து இடம் மாறவும் கூச்சப்படுவார்.

லிப்ஸ்டிக் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடுங்கள், உங்கள் சபையில் யாரும் அதைத் தடை என்று சொல்லாத வரையில். ஆனால் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் கொடுக்கிற சபை என்றால் முழங்காலிடப் போகும் முன் கைக்குட்டையால் நன்றாக ஒற்றி எடுத்துவிடுங்கள். பாத்திரத்தின் விளிம்பில் நிறம் ஒட்டினால் ஆயர் துணியால் துடைத்துத் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும், அடுத்து குடிக்கிறவருக்கும் மனது கோணும். சில சபைகள் சின்னச் சின்னக் கிண்ணங்களுக்கு மாறிவிட்டன. அங்கே இந்தப் பிரச்சினை இல்லை. திருவிருந்து எடுக்கும் வரை ஒன்றும் சாப்பிடாமல் வருகிற பழக்கம் இருந்தால் வாய் காய்ந்து வாடை வரும். நாக்கை வழித்துவிட்டு, தண்ணீராவது குடித்துவிட்டு வாருங்கள். செருப்பை வெளியே விடுகிற சர்ச்சுகளும் பாயில் உட்காருகிற கிராமச் சபைகளும் இன்றும் நிறைய உண்டு. ஊருக்குப் போகும்போது குதிகால் வெடிப்பையும் நகத்தையும் கவனித்துக்கொள்ளுங்கள், அங்கே காலைத்தான் முதலில் பார்ப்பார்கள். முடியை ஆபீஸுக்கு எப்படிக் கட்டுவீர்களோ அப்படியே கட்டுங்கள். ஈரத்தலையோடு வந்து முதுகுப் பக்கம் ப்ளவுஸ் நனைந்து நிற்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பிச்சிப்பூ வைப்பதும் வைக்காததும் சபையைப் பொறுத்தது.

சபையைப் பொறுத்தது என்று அடிக்கடி சொல்கிறேன், அதை விளக்க வேண்டும். சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் வழியில் வந்த சபைகளில் வெள்ளை உடுப்பும் நகை இல்லாததும் வழக்கம். சி.எஸ்.ஐ.யில் நகைக்குத் தடை இல்லை, ஆனால் பெரிய வெள்ளிக்கிழமை பல சபைகளில் வெள்ளையில்தான் வருவார்கள். ஈஸ்டருக்கு முன் வரும் லெந்து நாற்பது நாளும் பூவையும் பட்டையும் விட்டுவிடுகிற வீடுகள் எங்கள் பக்கம் உண்டு. புதுச் சபையில் இதையெல்லாம் தெரிந்துகொள்ள ஒரே வழி, உங்களைப் போலவே உடுத்தப் பிடித்த ஒரு அக்காவைப் பார்த்து நேராகக் கேட்பதுதான். வேதத்தில் என்ன இருக்கிறது என்றால், தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் நிருபம் 2ஆம் அதிகாரமும் பேதுருவின் முதல் நிருபம் 3ஆம் அதிகாரமும் பின்னல், பொன், விலையேறின வஸ்திரம் பற்றிப் பேசுகின்றன. அது முழுத் தடையா, அளவு பற்றியதா என்பதில் சபைகள் ஒத்துப்போகவில்லை, தையற்காரி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் யாக்கோபு 2ஆம் அதிகாரத்தில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. மினுக்கான உடுப்புக்காரனுக்கு நல்ல இடமும் கந்தைக்காரனுக்குக் காலடியும் காட்டுவதை அது நேராகக் கண்டிக்கிறது. மத்தேயு 6இல், உபவாசம் இருக்கும் நாளிலேயே தலைக்கு எண்ணெய் பூசி முகம் கழுவச் சொல்லியிருக்கிறது. கர்த்தர் இருதயத்தைத்தான் பார்க்கிறார் என்று சொல்லிக் கசங்கின சட்டையோடு வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

எங்கள் ஊரில் சர்ச்சு உடுப்பு என்பது ஒருநாளும் சின்ன விஷயமாக இருந்ததில்லை. அன்றைய தெற்குத் திருவிதாங்கூரில் கிறிஸ்தவரான நாடார் பெண்கள் குப்பாயம் என்கிற சட்டை போட்டு மார்பை மூடியதற்காகப் பல வருடம் அடிபட்டார்கள், 1858இல் சந்தையிலும் தெருவிலும் மேல்சாதிக்காரர்கள் அவர்களுடைய ரவிக்கையைக் கிழித்தார்கள். 1859இல்தான் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராஜா நாடார் பெண்கள் எல்லாருமே மார்பை மூடிக்கொள்ளலாம் என்று ஆணை போட்டார், அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. அதே நாகர்கோவிலில் 1820களில் மிஷனெரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார், அந்தக் கைத்தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. உங்களுக்கு இதை ஏன் சொல்கிறேன் என்றால், நன்றாக உடுத்த ஆசைப்படுவதற்கு நீங்கள் வெட்கப்படுவது போல உங்கள் கேள்வியில் ஒரு தொனி இருந்தது. கண்ணியமாக உடுத்திக் கோயிலுக்குள் போவதற்கு நம் பாட்டிமார் விலை கொடுத்திருக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அப்புறம் அந்தக் கேள்வி கேட்கிறவர்கள். உடுப்பை மாற்றி அவர்கள் வாயை அடைக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. பட்டு கட்டினாலும் பேசுவார்கள், கட்டாவிட்டாலும் பேசுவார்கள் என்று உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. சிலர் அக்கறையில் கேட்கிறார்கள், சிலர் பொழுது போகாமல் கேட்கிறார்கள். "என்ன விசேஷம்?" என்றால் "ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி, அதுதான் விசேஷம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அவர்கள் சேலையைப் பற்றிக் கேளுங்கள். எந்தக் கடை, எப்போது எடுத்தது என்று பேச்சு அந்தப் பக்கம் போய்விடும், அநேகமாக ஒரு நட்பும் கிடைக்கும். நன்றாக உடுத்தினால் வரன் அமையுமா என்பதற்கு நான் பொறுப்பெடுத்துப் பேச மாட்டேன். கல்யாணத்துக்காக உடுத்தத் தொடங்கினால் ஒவ்வொரு ஞாயிறும் தேர்வு எழுதப் போவது போல ஆகிவிடும். அந்தச் சுமையோடு நீங்கள் ஆராதனைக்குப் போகக் கூடாது என்பதுதான் என் ஆசை.

இதைப் படிக்கும் தனியாள் ஆண்களுக்கும் இரண்டு வார்த்தை. சட்டையின் தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். அது கைப்பக்கம் வழிந்தால் அண்ணன் சட்டையைப் போட்டது போல இருக்கும். கழுத்துப் பட்டியைப் பூட்டினால் இரண்டு விரல் நுழைய வேண்டும். தாடி வைத்தால் கழுத்தோரம் வழித்து எல்லை கட்டுங்கள். முதுகில் வாசகம் அச்சடித்த டி-ஷர்ட் வேண்டாம். பின்பெஞ்சில் இருப்பவர் பிரசங்கம் முழுவதும் அதைத்தான் வாசிப்பார். இஸ்திரி போடச் சனிக்கிழமை ராத்திரியே போதுமான நேரம்.

கிறிஸ்துமஸ் உடுப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்ல வேண்டும். வீட்டில் அப்பா அம்மா இருந்தவரை புதுத்துணி தானாக வந்தது. அவர்கள் போன பிறகு, தனியாக இருப்பவர்கள் தனக்கென்று எடுத்துத் தைப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அண்ணன் பிள்ளைகளுக்கு எடுத்து வருவார்கள், "உங்களுக்கு?" என்றால் "இருக்கிறதே" என்பார்கள். உங்களுக்கும் ஒன்று எடுங்கள், அக்டோபர் கடைசிக்குள் தைக்கக் கொடுத்துவிடுங்கள். டிசம்பரில் எந்தத் தையற்காரரும் நிதானமாக அளவெடுக்க மாட்டார்.

அம்மாவின் பட்டுச் சேலைகள் விஷயத்துக்கு வருகிறேன். தாராளமாகக் கட்டலாம், ஆனால் முதலில் பட்டின் உயிரைப் பாருங்கள். மடிப்பு விழுந்த இடத்தை இரண்டு கைவிரலால் பிடித்து மெதுவாக இழுங்கள். நூல் விலகிக் கீறல் விட்டால் அது கட்டுவதற்கு ஆகாது, முந்தானையையும் பார்டரையும் காப்பாற்றி ப்ளவுஸாகவோ சுடிதாராகவோ தைக்கலாம். தாங்கினால் பழைய ஃபால்ஸைப் பிரித்துப் புதிது வையுங்கள், பழையது சுருங்கிக் கரையை இழுத்துக்கொண்டிருக்கும். அம்மாவின் ப்ளவுஸைப் பிரித்து உங்கள் அளவுக்கு இழுத்துத் தைக்கச் சொல்லாதீர்கள், அந்தத் துணி தையல் ஓரத்தில் தளர்ந்திருக்கும். பார்டரில் இருக்கும் நிறங்களில் ஒன்றை எடுத்துக் காட்டனில் புது ப்ளவுஸ் தையுங்கள். அம்மா கட்டின சேலை அப்போது உங்கள் வயதுக்கும் உங்கள் நாளுக்கும் வந்துவிடும். தோளில் பின் குத்தும்போது பின்னுக்கும் பட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன மணி கோத்துக்கொண்டால் துணி கிழியாது. கட்டிய பிறகு நிழலில் ஆறப்போட்டு, பழைய மடிப்பிலேயே மடிக்காமல் மாற்றி மடித்து, காட்டன் துணியில் சுற்றி வையுங்கள். பூச்சி உருண்டை ஜரிகைமேல் படக் கூடாது, கறுத்துவிடும். எந்தச் சேலை தாங்கும் என்று சந்தேகம் வந்தால் மடிப்பை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.